பேஸ்ட் வைத்தது யார்?

அறிவிப்பு அக்காவுக்கு யார்மேலும் நம்பிக்கை கிடையாது. காய் வாங்கப் போனால் காயைப் பார்க்க மாட்டாள், தராசு பிடிக்கிறவரின் கையைத்தான் பார்ப்பாள். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தால், மருந்துக் கடையில் ஒன்றும் தெரியாதவள் மாதிரி "இது எதுக்குங்க?" என்று கேட்பாள். இரண்டு பேர் சொல்வதும் ஒத்துப்போனால்தான் விழுங்குவாள். யாராவது காரணமில்லாமல் சிரித்துப் பேசிவிட்டால் போச்சு. அன்று முழுக்க வேறு வேலை ஓடாது. இவனுக்கு நம்மிடம் என்ன காரியம் ஆக வேண்டியிருக்கிறது என்று மண்டையைக் குடைந்துகொண்டே இருப்பாள்.

பிறக்கும்போதே இப்படிப் பிறந்துவிடவில்லை. அதைச் சொல்லாமல் அவளைக் கிண்டல் செய்வது நியாயமும் இல்லை. முன்பு அவள் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தாள். கூண்டு மாதிரி ஓர் அறை, ஒரு மைக், முன்னால் மங்கிப்போன கண்ணாடி. எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது, எது தாமதம், எது புறப்படப் போகிறது என்று வருஷக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தாள். நல்ல குரல். கூட்டம் எவ்வளவு இரைந்தாலும் அதற்கு மேலே தனியாகக் கேட்கும்.

ஒருநாள் மேலாளர் இரண்டு பேரை அழைத்துக்கொண்டு வந்தார். "புது மைக் வந்திருக்கும்மா. டெஸ்ட் பண்ணணும். எல்லா ஊர்ப் பேரையும் ஒவ்வொண்ணாச் சொல்லுங்க, நம்பரைத் தனியாச் சொல்லுங்க" என்றார். வாயெல்லாம் பல். அக்கா சிரத்தையாகச் சொன்னாள். 'தாமதத்துக்கு வருந்துகிறோம்' என்பதில் வருத்தம் போதவில்லை என்று தோன்றி, தானாகவே இன்னொரு தடவை சொல்லிக் கொடுத்தாள். கொஞ்ச நாளில் அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவளுடைய குரல் மட்டும் தினமும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தது. இத்தனைக்கும் அந்த வருத்தத்தைக்கூட அவள் கையாலேயே எடுத்துக் கொடுத்திருக்கிறாள். அன்றிலிருந்து, சிரித்துக்கொண்டே வருகிறவர்களுக்கு அவள் கதவைப் பாதிதான் திறப்பாள்.

இப்போது தம்பி வீட்டில் இருக்கிறாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாம் சிரித்துக்கொண்டே வந்ததுதான் காரணம் என்று தம்பி சொல்வான். அவன் பார்சல் வண்டி ஓட்டுகிறவன். விடிந்ததும் கிளம்பினால் இருட்டித்தான் வருவான். பகலெல்லாம் வீட்டில் அக்காவும் தம்பி மனைவியும்தான். தம்பி மனைவி வீட்டிலிருந்தபடியே திரைச்சீலை தைத்துக் கொடுக்கிறாள். தையல் மெஷின் மக்கர் செய்தால் தானே கழற்றி, எண்ணெய் விட்டு, தானே மாட்டிவிடுவாள். அதிகம் பேச மாட்டாள். அதிகம் பேசாதவர்கள் எதையோ மறைக்கிறார்கள் என்பது அக்காவின் கணக்கு.

பார்வையில்லாதவர்களுக்காகப் புத்தகங்களை ஒலியாக்கித் தரும் ஓர் அலுவலகத்துக்கு அக்கா வாசித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். வீட்டிலேயே பதிவு செய்து அனுப்ப வேண்டும். அவளுடைய அறை, சமையலறையை ஒட்டியிருக்கிற சின்ன அறை. எதிரொலிக்காமல் இருக்கச் சுவர்களில் பழைய போர்வைகளைத் தொங்கவிட்டிருந்தாள். ஜன்னலில் தலையணையைத் திணித்திருந்தாள். மின்விசிறி போடக்கூடாது, அதன் சத்தம் பதிவில் விழும். மேஜையில் தம்பி பழையதாக வாங்கிக் கொடுத்த கம்ப்யூட்டர். அதற்குள்ளே மட்டும் விசிறி ஓடிக்கொண்டிருக்கும். "அதுக்கு நல்லாக் காத்து, எனக்கு வேர்வை" என்று முணுமுணுத்தபடி, புழுங்கிப் புழுங்கி அவள் வாசிப்பாள்.

வாசித்துக்கொண்டிருந்தது ஒரு பெரிய நாவல். அப்பா இறந்ததும் தம்பிகள் சொத்தைப் பிரித்துக்கொள்ள, மூத்த மகள் பூட்டிய பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வீட்டை விட்டுக் கிளம்பிவிடுகிறாள். பெட்டியில் என்ன இருக்கிறதென்று ஊரே அலைகிறது. போகிற இடமெல்லாம் ஒவ்வொருவரும் அதைத் திறக்கப் பார்க்கிறார்கள். அவளோ தூங்கும்போதும் அதைத் தலைக்கு வைத்துக்கொள்கிறாள். அக்காவுக்கு இந்த நாயகியை ரொம்பப் பிடித்துப்போயிற்று. உலகத்தைச் சரியாகப் புரிந்து வைத்திருக்கிறாள் என்று நினைத்தாள்.

பாதிக் கதை தாண்டிய பிறகு அலுவலகத்துப் பெண் போன் செய்தாள். பதிவுகளைக் கேட்டுச் சரிபார்க்கிறவள் அவள்.

"மேடம், போன அத்தியாயத்துல பின்னாடி ஏதோ இரைச்சல் வருது."

"எனக்கு ஒண்ணும் கேக்கலையேம்மா."

"ஹெட்போன்ல கேளுங்க. கம்ப்யூட்டர் ஃபேன்னு நினைக்கிறேன். ஊ...ன்னு."

கேட்டாள். இருந்தது. தன் குரலுக்குப் பின்னால் யாரோ மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தது. அடுத்த அத்தியாயமும் திரும்பி வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. கடைசியில் அந்தப் பெண் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொல்லிவிட்டாள். மாசக் கடைசிக்குள் இரைச்சல் இல்லாத இரண்டு அத்தியாயங்கள் வர வேண்டும். வராவிட்டால் புத்தகத்தை வேறொருவரிடம் கொடுத்து முதலிலிருந்து வாசிக்கச் சொல்லிவிடுவார்கள். அக்கா இதுவரை வாசித்தது அத்தனையும் அழிக்கப்படும். அதற்கப்புறம் அவளுக்குப் புத்தகம் வருவதும் சந்தேகம்தான்.

அக்கா போனை வைத்தாள். ஒரு தடவை குரலை மட்டும் வைத்துக்கொண்டு ஆளைத் துரத்தினார்கள். இந்தத் தடவை ஆளும் வேண்டாம், குரலும் வேண்டாம் என்கிறார்கள். அழுகை வந்தது. அழுதால் தொண்டை கட்டிக்கொள்ளும் என்று அடக்கிக்கொண்டாள். பிறகு அவளுக்கு வழக்கமாக வருகிற கேள்வி வந்தது. இத்தனை நாள் சத்தம் போடாத மெஷின் இப்போது மட்டும் ஏன் போடுகிறது? யார் என்ன செய்தார்கள்?

சந்தேகப்பட ஆள் கைக்கெட்டின தூரத்திலேயே இருந்தாள். சில வாரங்களுக்கு முன் வாசிப்பின் நடுவே தண்ணீர் குடிக்க அக்கா சத்தமில்லாமல் எழுந்து வந்தாள். சமையலறையில் தம்பி மனைவி கையில் கரண்டியோடு, சுவரில் காதை ஒட்டவைத்துக்கொண்டு நின்றிருந்தாள். அடுப்பை அணைத்திருந்தாள். அக்காவைக் கண்டதும் பதறிப்போய், "பல்லி சத்தம் கேட்டுச்சு அண்ணி" என்றாள். பல்லியாம். காதில் பூச் சுற்றுவதற்கும் ஓர் அளவு வேண்டாமா? ஒட்டுக்கேட்கிறாள், நாம் யாரிடமாவது போனில் பேசினால் புருஷனிடம் போட்டுக்கொடுக்கத்தான் என்று அக்கா அன்றே முடிவுகட்டிவிட்டாள். தம்பியும் ஒருமுறை சாப்பிட்டுக்கொண்டே, "அக்கா ரூமு இருந்தா தையலுக்கு வசதியாத்தான் இருக்கும்" என்று வாய்விட்டிருந்தான். இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்த்தால் கணக்குச் சரியாக வந்தது. வேலை போனால் அறைக்குத் தேவையில்லை. அறைக்குத் தேவையில்லை என்றால் தையல் மெஷின் உள்ளே வந்துவிடும்.

முதலில் அக்கா தானே வைத்தியம் பார்த்தாள். கம்ப்யூட்டர் பெட்டியை மேஜைக்கு அடியில் தள்ளி, நாலு பக்கமும் கம்பளியால் சுற்றினாள். கொஞ்ச நேரம் அடங்கியது. அப்புறம் உள்ளே சூடு ஏறி, விசிறி முன்னைவிட வெறிபிடித்துச் சுற்றத் தொடங்கியது. கம்பளிக்குள்ளிருந்து அனல் வந்தது. கம்பளியை உருவிவிட்டு, பக்கத்து மூடியைக் கழற்றித் திறந்து வைத்தாள். சூடு குறைந்தது, ஆனால் சத்தம் நேராக மைக்கில் வந்து விழுந்தது. மூடினால் சூடு, திறந்தால் சத்தம். இந்த இரண்டுக்கும் நடுவே ஏதோ சதி இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது.

வேறு வழியில்லாமல் மெக்கானிக்குக்குப் போன் செய்தாள். நாளைக்கு அவன் வார்த்தையை மாற்றிவிட்டால் சாட்சி வேண்டுமே என்று, "ஏம்மா, இங்க வந்து நில்லு. இவன் சொல்றதை நல்லாக் கேட்டுக்கோ" என்று தம்பி மனைவியையும் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள். ஆள் சந்தேகத்துக்குரியவள்தான். ஆனால் வீட்டில் வேறு காது இல்லை. போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

மெக்கானிக் எதையோ மென்றுகொண்டே பேசினான். "அது ஒண்ணுமில்லக்கா. உள்ள தூசி அடைச்சிருக்கும். அதோட பேஸ்ட் காஞ்சு போயிருக்கும். பேஸ்ட் காஞ்சா சூடு வெளிய எறங்காது. சூடு எறங்கலேன்னா ஃபேன் கத்தத்தான் செய்யும். தூசியைத் தட்டி, ஃபேனைக் கழட்டி, அடியில பழைய பேஸ்டைத் தொடைச்சிட்டு, புதுசாக் கொஞ்சூண்டு பேஸ்ட் வெச்சு மாட்டினா கப்புன்னு அடங்கிடும். கடைக்குக் கொண்டாந்து குடுத்துடுங்க."

"கடைக்கெல்லாம் வராது. என் கண்ணு முன்னாடிதான் தெறக்கணும்."

"ஏங்க்கா, நான் என்ன உள்ள இருக்கறதை முழுங்கிடவா போறேன்?"

"யார் கண்டா?" என்றாள் அக்கா.

அவன் சிரித்தான். சிரித்தது அவளுக்குப் பிடிக்கவில்லை. வீட்டுக்கு வருவதென்றால் பத்து நாளுக்கு மேல் ஆகும், கைவசம் வேலை நிறைய இருக்கிறது என்று சொல்லிவிட்டு வைத்தான். மாசக் கடைசிக்கு அவ்வளவுதான் நாள் இருந்தது. பேஸ்ட் என்றால் ஏதோ பசையாக இருக்கும், ஒட்டுப்போட்டுப் பணம் பிடுங்கப் பார்க்கிறான் என்று அக்கா நினைத்துக்கொண்டாள். தம்பி மனைவி உள்ளே போனாள்.

இரண்டு நாள் கழித்து அக்கா கண் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தாள். கம்ப்யூட்டரைப் போட்டாள். திரை வந்தது. சத்தம் வரவில்லை. பெட்டியின்மேல் காதை வைத்தாள். உள்ளே ஏதோ மெல்லச் சுற்றுவது மட்டும் தெரிந்தது. வேறொருத்தியாக இருந்தால் கும்பிட்டுவிட்டு வாசிக்க உட்கார்ந்திருப்பாள். அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தானாகக் கெட்டுப்போனது உண்டு. தானாக நல்லதானது எங்கேயாவது உண்டா?

"நான் இல்லாதப்ப யாராவது வந்தாங்களா?"

"இல்லையே அண்ணி."

"ரூமுக்குள்ள போனியா?"

"தெரியலையே அண்ணி" என்றாள் தம்பி மனைவி. போனாயா என்று கேட்டால் தெரியவில்லை என்று பதில் சொல்கிறாள். அக்கா அதை மனசுக்குள் குறித்துக்கொண்டாள். பெட்டியைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கத்து ஸ்க்ரூ ஒன்றின் தலையில் புதுக் கீறல் பளபளத்தது. பக்கத்தில் இன்னொரு ஸ்க்ரூவையே காணோம்.

ஆனாலும் வந்த அமைதியை வீணாக்க அவள் தயாராக இல்லை. அன்றே உட்கார்ந்து ஓர் அத்தியாயத்தைப் பதிவு செய்தாள். சுத்தமாக வந்தது. உடனே அனுப்பிவைத்தாள். இன்னும் ஒன்று அனுப்பினால் தப்பித்துவிடலாம். அதற்குள் தொண்டையில் சளி கட்டிக்கொண்டது. கரகரத்த குரலோடு நாலைந்து நாள் மைக் பக்கமே போக முடியவில்லை. குரல் திரும்பி அவள் மறுபடி உட்கார்ந்தபோது சத்தமும் திரும்பியிருந்தது. முதலில் முனகலாக வந்தது. பக்கம் புரளப் புரள அது இரைச்சலாகி, அலறலானது. நாயகி ஒருவழியாகத் தூரத்து உறவுக்காரி வீட்டை அடைந்து, பெட்டியைத் தரையில் வைத்து, கழுத்துக் கயிற்றிலிருந்து சாவியை எடுக்கிறாள். அக்கா, "அவள் சாவியைப் பூட்டில் நுழைத்தாள்" என்று வாசித்து முடிப்பதற்குள் திரை கறுத்து, மெஷின் செத்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் விழுந்து உருண்டது.

பெட்டியைத் தொட முடியவில்லை, அப்படிக் கொதித்தது. பின்பக்கத்து ஓட்டைகளில் மூக்கை வைத்த அக்கா திகைத்துப்போனாள். புதினா வாசனை.

அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அதாவது, புரிந்துவிட்டதாக நினைத்தாள். நாம் கண் டாக்டரிடம் போயிருந்த நேரத்தில் மெக்கானிக் வந்திருக்கிறான். தம்பி மனைவிதான் கதவைத் திறந்துவிட்டிருக்கிறாள். நல்ல சாமானை உருவிக்கொண்டு மட்டமானதை மாட்டிவிட்டுப் போயிருக்கிறான். அது நாலு நாள் ஓடிப் படுத்துவிட்டது. வாசனை கிளம்புவது, பிசுபிசுவென்று ஏதோ மட்டமான திரவத்தை ஊற்றியிருப்பதால்தான். அக்கா யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று காத்திருந்தாள்.

கெடுவுக்கு முந்தின நாள் மெக்கானிக் வந்து சேர்ந்தான். தோளில் பை, வாயில் ஏதோ மெல்லுகிறான். அக்கா கதவைச் சாத்தி, டார்ச் லைட்டோடு அவன் தலைக்குமேல் நின்றுகொண்டாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவன் விரல் போகிற இடமெல்லாம் வெளிச்சத்தை ஓட்டினாள்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்கக்கா, மூச்சு விட முடியல."

"நீ விடு. நான் பாத்துட்டுதான் இருப்பேன்."

மூடியைத் திறந்தான். "பரவால்லையே, தூசியே இல்ல. நல்லாத்தான் வெச்சிருக்கீங்க" என்றான். விசிறியையும், அதன் அடியிலிருந்த தகடு தகடான உலோகக் கட்டியையும் கழற்றினான். கழற்றியவன் அப்படியே நின்றுவிட்டான். கட்டியின் அடியிலும், அது உட்கார்ந்திருந்த, கம்ப்யூட்டருக்கு மூளையான சின்னச் சதுரச் சில்லின் மேலும் வெள்ளையாகச் சுண்ணாம்பு மாதிரி எதுவோ காய்ந்து, பாளம் பாளமாக வெடித்திருந்தது.

"யாருக்கா இதைத் தெறந்தது?"

இந்தக் கேள்விக்காகத்தான் அக்கா காத்துக்கொண்டிருந்தாள். "யாரா? என்னையே கேக்கறியா? நீதான் தெறந்த! நான் இல்லாத நேரமாப் பாத்து வந்து, நல்லதை உருவிட்டு இந்தக் கருமத்தை அப்பிட்டுப் போயிட்ட. இப்ப வந்து ஒண்ணும் தெரியாதவன் மாதிரி நாடகம் ஆடற!"

மெக்கானிக் வெள்ளையை நகத்தால் சுரண்டி முகர்ந்தான். அவன் முகம் கோணிக்கொண்டு போயிற்று. "அக்கா, இது பல் வெளக்கற பேஸ்ட்டு."

"என்னது?"

"பல்லு வெளக்கறது. டியூப்ல வருமே. புதினா வாசனை அடிக்குது பாருங்க."

"அதையும் நீதான் வெச்சிருப்ப! பேஸ்ட் பேஸ்ட்னு போன்லயே சொன்னியே, சாட்சி இருக்கு!"

அதோடு அவன் பொறுமை போய்விட்டது. ஸ்க்ரூ டிரைவரைப் பைக்குள் வீசினான். "திருடன்னு சொல்லிட்டீங்க, சந்தோசம். நான் சொன்னது மெஷினுக்குப் போடற பேஸ்ட். கடையில தனியா விக்கும். இதைப் போட்டா ரெண்டு நாள் ஈரத்துல சூட்டை எறக்கும், அப்புறம் காஞ்சு கல்லாயிடும். இது தெரியாமலா நான் கடை நடத்தறேன்? வேற ஆளைப் பாத்துக்குங்க." மூடியைக்கூட மாட்டாமல் பையைத் தோளில் போட்டுக்கொண்டான். அக்காவுக்குப் பகீரென்றது. நாளைக்குக் கெடு. மெஷின் குடலைப் பிளந்துகொண்டு கிடக்கிறது. போகாதே என்று சொல்ல வாய் வரவில்லை. ஒருத்தனைத் திருடன் என்று சொல்லிவிட்டு அடுத்த வார்த்தை என்ன சொல்வது?

அப்போது கதவு திறந்தது. தம்பி மனைவி கையில் அந்தக் காணாமல் போன ஸ்க்ரூவோடு நின்றிருந்தாள். முகத்தில் ஈயாடவில்லை.

"அவரு இல்ல அண்ணி. நான்தான்."

மெக்கானிக் திரும்பிப் பார்த்தான்.

"பேஸ்ட் வெச்சா அடங்கிடும்னு போன்ல சொன்னாரு. வேற பேஸ்ட் இருக்குன்னு எனக்கு எங்க தெரியும்? தூசியை பிரஷ்ஷால தட்டினேன். பழசைத் தொடைச்சேன். கொஞ்சூண்டு வைக்கணும்னு சொன்னாருன்னு கொஞ்சூண்டுதான் வெச்சேன்."

மெக்கானிக்குக்குக் கோபம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்துவிட்டான். "ஏங்க, அந்தப் பிரஷ்ஷும் பல்லு வெளக்கறதுதானா?" என்று கேட்டுவிட்டு மறுபடி சிரித்தான். தம்பி மனைவி ஆமாம் என்று தலையாட்டினாள்.

அக்கா சிரிக்கவில்லை. "நீ எதுக்கு என் மெஷினைத் தொட்ட?" என்றாள். குரல் கறாராக இருந்தது. "உனக்கு இதுல என்ன வந்துச்சு? யார் சொல்லிக் குடுத்தாங்க? என் தம்பியா?"

"யாரும் சொல்லல."

"பின்ன? சுவத்துல காது வெச்சு நிக்கறது, என் ரூமுக்குள்ள பூந்து நோண்டறது, கேட்டா தெரியலைங்கறது. என்ன நடக்குது இந்த வீட்டுல? எனக்கு இன்னிக்குத் தெரிஞ்சாகணும்."

தம்பி மனைவியின் உதடு நடுங்கியது. அழப்போகிறாள் என்று அக்கா நினைத்தாள். ஆனால் அவள் அழவில்லை, வெடித்தாள்.

"அந்தப் பொட்டியைத் தெறந்தாளா இல்லையா அண்ணி?"

"எந்தப் பொட்டி?"

"அவதான், உங்க கதையில வர்றவ! சாவியை உள்ள விட்டாள்னு சொன்னீங்க. அதோட நின்னுபோச்சு. இத்தனை நாளா எனக்குத் தூக்கமே வரல. மொதப் பக்கத்துலேர்ந்து கேட்டுட்டு வர்றேன். நீங்க படிக்கற நேரம் பாத்துதான் சமையலே பண்றேன். அடுப்புச் சத்தத்துல கேக்காதுன்னு நடுநடுவுல அணைச்சுடுவேன். உங்களை நிறுத்திட்டு வேற யாரையோ படிக்கச் சொல்லப் போறாங்கன்னு போன்ல பேசினீங்களே, அதையும் கேட்டேன். வேற யாரோ எங்கயோ படிச்சா எனக்கு எப்படி அண்ணி கேக்கும்?"

அக்கா டார்ச் லைட்டை அணைத்தாள். "என்கிட்ட வந்து கேட்டிருக்கலாமில்ல?" என்றாள்.

"கேட்டா, எதுக்குக் கேக்கறன்னு கேப்பீங்க."

அது உண்மை. கட்டாயம் கேட்டிருப்பாள். ஏன், இப்போதே நாக்கு நுனியில் அந்தக் கேள்விதான் நின்றுகொண்டிருந்தது. சந்தேகப்பட்டது சரிதான், இவள் ஒட்டுக்கேட்டுத்தான் இருக்கிறாள். ஆனால் இப்படி ஒரு காரணம் அவளுடைய எந்தக் கணக்கிலும் வரவில்லை. பேருந்து நிலையத்தில் ஆயிரம் பேர் அவள் குரலைக் கேட்டார்கள். தங்கள் ஊர்ப் பெயர் காதில் விழுந்ததும் அவளை விட்டுவிட்டு ஓடினார்கள். அடுத்து அக்கா என்ன சொல்லப் போகிறாள் என்று தூக்கம் கெட்டுக் காத்திருந்த ஒரே ஆள் இந்தச் சுவருக்குப் பின்னால்தான் இத்தனை நாளும் நின்றிருக்கிறாள். அக்கா மெக்கானிக்கைப் பார்த்து, "நான் சொன்னது தப்புதாம்ப்பா. மனசுல வெச்சுக்காத. செஞ்சு குடுத்துட்டுப் போ" என்றாள். அவள் யாரிடமும் இப்படிச் சொல்லி அந்த வீட்டில் எவரும் கேட்டதில்லை.

அவன் பையை இறக்கினான். காய்ந்ததைச் சுரண்டித் துடைத்து, சாம்பல் நிறத்தில் உண்மையான பேஸ்டைப் பட்டாணி அளவு வைத்தான். "இது சில்லுக்கும் இந்தக் கட்டிக்கும் நடுவுல எடைவெளி இல்லாம அடைக்கறதுக்கு. சூடு அப்படியே மேல ஏறிடும்" என்றான். சின்ன விசிறியைக் கழற்றிவிட்டுப் பெரியதாக ஒன்றை மாட்டினான். "சின்னது நாயா ஓடி ஓடிக் கத்துது. பெருசு ஆற அமரச் சுத்தும். காத்து அதே காத்துதான், சத்தம்தான் கம்மி." பெட்டியைத் தரையிலிருந்து தூக்கி, சுவரை விட்டுத் தள்ளிப் பலகைமேல் வைத்தான். தம்பி மனைவி அவன் செய்வதையெல்லாம் உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த தடவை இவள் சரியான பேஸ்டோடு இறங்கிவிடுவாள் என்று அக்காவுக்குத் தோன்றியது. மெஷினை ஓடவிட்டு, திரையில் சூட்டின் அளவு ஏறுகிறதா என்று அவனை ஒரு மணி நேரம் உட்காரவைத்துப் பார்த்த பிறகுதான் அக்கா அவனைப் போகவிட்டாள். பழைய விசிறியையும் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டாள். மன்னிப்பு வேறு, விசிறி வேறு.

மறுநாள் காலையில் அக்கா மைக் முன்னால் உட்கார்ந்தாள். அறை அத்தனை அமைதியாக இருந்தது. வாசிக்க வாயைத் திறந்தவள் நிறுத்தினாள். சுவருக்குப் பின்னாலிருந்து மெல்லிய கிணுகிணுப்பு கேட்டது. எழுந்துபோய்க் கதவைத் திறந்தாள்.

"சுவத்துல சாஞ்சு நின்னா வளையல் சத்தம் கேக்குது."

"கழட்டிடறேன் அண்ணி."

"கழட்டிட்டு உள்ள வந்து தொலை. தும்மக் கூடாது, இரும்பக் கூடாது. ஆபீஸ்ல தெரிஞ்சா என்னைத் தொலைச்சுடுவாங்க."

தம்பி மனைவி போர்வைச் சுவரோரம் தரையில் உட்கார்ந்துகொண்டாள். முடிவை மட்டும் இப்பவே சொல்லிவிடுங்களேன் என்று கண்ணாலேயே கெஞ்சினாள். அக்கா மசியவில்லை, அத்தியாயத்தை முதலிலிருந்து தொடங்கினாள். சாவி பூட்டில் நுழைந்தது. மூடி திறந்தது. பெட்டி காலியாக இருந்தது. வெறுங்கையோடு போகிறாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக அந்த வெறும் பெட்டியை அத்தனை ஊருக்கும் சுமந்திருக்கிறாள். அந்த வரியை வாசிக்கும்போது அக்கா தாளைப் பார்க்கவில்லை, தரையில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்துச் சொன்னாள். தம்பி மனைவி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். கண்ணிலிருந்து நீர் கொட்டியது, சத்தம் ஒரு துளி வரவில்லை.

சாயங்காலம் இருவரும் துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தபோது அலுவலகத்துப் பெண் கூப்பிட்டாள். அக்கா பழக்கதோஷத்தில் ஸ்பீக்கரில் போட்டாள்.

"மேடம், இரைச்சல் சுத்தமா இல்ல. புத்தகத்தை நீங்களே முடிச்சுக் குடுத்துடுங்க."

தம்பி மனைவி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அக்கா உதறவில்லை.

"ஆனா ஒண்ணு மேடம்" என்றது போன். "இது முன்ன மாதிரி இல்ல. எதிர்ல ஒருத்தரை உக்கார வெச்சுச் சொல்ற மாதிரி இருக்கு. ரூம்ல வேற யாராச்சும் இருந்தாங்களா? இருக்கக் கூடாதுன்னு விதி இருக்கே."

தம்பி மனைவிக்கு முகம் வெளுத்தது. அக்கா ஒரு கணம்கூடத் தயங்கவில்லை.

"யாரும் இல்லையேம்மா."

"நிஜமாவா மேடம்?"

"ஏன்," என்று கோபமாகக் கேட்டாள் அறிவிப்பு அக்கா, "என்மேல நம்பிக்கை இல்லையா உனக்கு?"